பழைய பெட்டியும் பதிந்த குரலும்



வீட்டுப் பொருள் ஒன்று பழுதாகும்போது அதைச் சீர்செய்வதா, மாற்றுவதா என்ற பேச்சு எழாத குடும்பம் இல்லை. மிக்ஸியோ மின்விசிறியோ என்றால் கடைக்காரரே விடை சொல்லிவிடுவார். ஒலிக்கருவியில் அது அத்தனை எளிதன்று. ரமலான் சஹர் வேளையில் இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சி அதன் வழியாகத்தான் நம் வீட்டுக்குள் வந்தது. நாகூர் ஈ.எம். ஹனீபாவின் கம்பீரக் குரல் மணவீடுகளில் முழங்கியதும், காரி அப்துல் பாசித் அவர்களின் ஓதலை அரபு நாட்டைக் காணாத நம் மூதாட்டிகள் கேட்டு உருகியதும் அதன் வழியாகத்தான். ஆகவே பழைய பெட்டியைத் தூக்கிப் போடுவது என்றதும் வீட்டில் யாரோ ஒருவரின் முகம் வாடிவிடுகிறது.

சென்ற ஆண்டு எங்கள் செஞ்சி வீட்டில் இந்தப் பேச்சு எழுந்தது. கல்லூரியில் பயிலும் என் மகன், தொலைக்காட்சியின் கீழே வைக்கும் சவுண்ட்பார் ஒன்றையும், அதனுடன் வரும் தனி பாஸ் பெட்டியையும் வாங்க வேண்டும் என்றான். அத்தா குவைத்திலிருந்து 1986ஆம் ஆண்டு விடுமுறையில் கொண்டுவந்த டூ-இன்-ஒன் டேப் ரெக்கார்டர் அந்த இடத்தில்தான் இருந்தது. அதை எடுத்துவிட்டால்தான் புதியதற்கு இடம் கிடைக்கும். என் துணைவி இரண்டும் வேண்டாம் என்றாள். எழுபத்தாறு வயதைக் கடந்த என் அம்மா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் எங்களை நின்று யோசிக்க வைத்தது.

மார்க்கம் வகுக்கும் நடுவழி

இத்தகைய பேச்சுகளில் வீண்விரயம் பற்றிய இறைவசனத்தை எடுத்து மற்றவர் வாயை அடைப்பது எளிது. பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 26, 27ஆம் வசனங்கள் விரயம் செய்வோரை ஷைத்தானின் சகோதரர்களோடு சேர்த்துப் பேசுகின்றன. அந்த எச்சரிக்கை கடுமையானது. செல்வத்தைப் பாழாக்குவது இறைவன் வெறுக்கும் செயல்களுள் ஒன்று என்பது புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற நபிமொழியின் கருத்து.

ஆனால் மார்க்கம் அத்துடன் நின்றுவிடவில்லை. அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 67ஆம் வசனம், அருளாளனின் அடியார்கள் செலவிடும்போது வரம்பும் மீறமாட்டார்கள், கஞ்சத்தனமும் செய்யமாட்டார்கள், இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பார்கள் என்ற பொருளைத் தருகிறது. தன் அருட்கொடையின் அடையாளம் அடியானிடம் தென்படுவதை அல்லாஹ் விரும்புகிறான் என்ற கருத்துடைய நபிமொழி திர்மிதீயில் உள்ளது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் காலணியைத் தாமே தைத்துக்கொண்டார்கள் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்ததும் நாம் அறிந்ததே. பழுதுபார்ப்பதற்கு நமக்கு அழகிய முன்மாதிரி உண்டு. நல்லதை வாங்கி அனுபவிப்பதற்கும் தடை இல்லை. தேவை எது, ஆசை எது என்று நேர்மையாகப் பிரித்தறிவது நம் பொறுப்பு.

மகனை விரயக்காரன் என்றோ, என்னைக் கருமி என்றோ முத்திரை குத்தாமல், அவன் சொன்ன காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். மூன்று காரணங்கள் சொன்னான். பழைய பெட்டி கேசட்டைக் கடித்து நாடாவைச் சுருட்டுகிறது. இன்று எல்லாமே கைப்பேசியில் இருக்க, அந்தப் பெட்டியோடு கைப்பேசியை இணைக்க முடிவதில்லை. நன்னிக்குக் காது மந்தம், அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டுமானால் பெரிய ஒலிக்கருவி தேவை.

பழுது எங்கே இருக்கிறது?

முதல் காரணத்தில் உண்மை இருந்தது. ஆயினும் நாடா சுருள்வதற்குப் பெட்டியே கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கேசட் நாடா விநாடிக்கு 4.76 செண்டிமீட்டர் என்ற ஒரே சீரான வேகத்தில் ஓட வேண்டும். மோட்டாரின் சுழற்சியை உருளைகளுக்குக் கொண்டு செல்வது ஒரு சிறிய ரப்பர் பெல்ட். ஆண்டுகள் செல்லச் செல்ல அது தளர்ந்து நீளும், அல்லது தார்போல் இளகிவிடும். அப்போது நாடாவைச் சுற்றி வாங்கும் சக்கரம் வலுவிழக்கிறது. மறுபுறத்திலிருந்து வரும் நாடா போக இடமின்றி உள்ளே குவிகிறது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளையில் அழுக்குப் படிந்தாலும் இதே நிலைதான். மாற்ற வேண்டிய பெல்ட்டின் விலை ஒரு பிரியாணிப் பொட்டலத்தின் விலையைக்கூட எட்டாது. சென்னை ரிச்சி தெருவில் இன்றும் தேடிப் பிடிக்கலாம். ஹெட் என்னும் ஒலித்தலையையும் உருளையையும் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைப்பது நாமே செய்யக்கூடிய வேலை.

பழைய ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் வைத்திருப்போருக்கும் இது பொருந்தும். ஒலி அளவைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால், பெரும்பாலும் அந்தத் திருகுக்குள் தூசி படிந்திருக்கும். இரைச்சல் போன்ற ஓயாத முனகல் எழுந்தால் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி உலர்ந்திருக்கலாம். ஸ்பீக்கரின் கூம்பைச் சுற்றியுள்ள நுரைவளையம் பத்து, இருபது ஆண்டுகளில் பொடிந்துவிடும். கூம்பும் காந்தமும் அப்போதும் நன்றாகவே இருக்கும். இவை யாவும் செருப்பின் அடித்தோல் போலத் தேய்வதற்கென்றே உள்ள உறுப்புகள், மாற்றினால் கருவி மீண்டும் பல ஆண்டு உழைக்கும். மாறாக, இன்றைய சிறு கருவிகள் பலவற்றில் மின்கலம் உள்ளேயே ஒட்டப்பட்டிருக்கிறது, பலகை முழுவதும் ஒரே துண்டாக இருக்கிறது. அவற்றில் பழுது என்றால் பெரும்பாலும் மாற்றுவதுதான் வழி. ஆகவே வாங்கும்போதே, இதைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

வாட் கணக்கும் அறையின் கணக்கும்

மூன்றாவது காரணம், அம்மாவின் காது. இதில்தான் நம் குடும்பங்கள் அதிகப் பணத்தை இழக்கின்றன என்பது என் எண்ணம்.

ஐம்பது வாட் கருவியை விற்று நூறு வாட் கருவி வாங்கினால் ஒலி இரட்டிப்பாகும் என்று நம்புகிறோம். உண்மையில் திறன் இரு மடங்காகும்போது ஒலி மூன்று டெசிபல் மட்டுமே உயரும். அது காதுக்குச் சிறிய வேறுபாடு. இரு மடங்கு உரத்துக் கேட்பதாக நமக்குத் தோன்ற ஏறத்தாழ பத்து டெசிபல் வேண்டும், அதற்குத் திறன் பத்து மடங்காக வேண்டும். தொண்ணூறுகளில் பெட்டிகளின் மேல் ஆயிரக்கணக்கில் பி.எம்.பி.ஓ. வாட் என்று அச்சிட்டிருந்ததைப் பலர் நினைவில் வைத்திருப்பீர்கள். அந்த எண் ஒரு நொடிப்பொழுதின் உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய திறனைச் சொல்வது ஆர்.எம்.எஸ். என்ற எண். கடையில் அதைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் வீட்டின் முன்னறை காங்கிரீட் கூரையும் டைல்ஸ் தரையும் வெறும் சுவர்களும் கொண்டது. அங்கே எந்தக் கருவியை வைத்தாலும் ஒலி சுவரில் மோதி மோதித் திரும்பி, ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலையில் ஏறிவிடுகிறது. ஒரு தடித்த ஜமுக்காளத்தை விரித்து, சன்னலுக்குத் திரை இட்டு, மூலையில் தரையில் கிடந்த ஸ்பீக்கரை உட்கார்ந்தவர் காது உயரத்துக்குத் தூக்கி வைத்தோம். செலவில்லாத இந்த மாற்றத்துக்குப் பின் ஓதலின் ஒவ்வோர் எழுத்தும் தனித்துக் கேட்டது.

முதுமையில் வரும் செவிக்குறை பொதுவாக உயர் அதிர்வெண்களில்தான் முதலில் தொடங்குகிறது. ஸ, ஷ, த, ஃப போன்ற மெய்யொலிகளின் கூர்மை அங்கேதான் உள்ளது. அதனால்தான் வயதானவர்கள், பேசுவது கேட்கிறது, என்னவென்று புரியவில்லை என்கிறார்கள். அவர்களுக்குப் பாஸ் பெட்டி உதவாது. கீழ்ச்சுருதியின் முழக்கம் மெய்யொலிகளை மேலும் மூடிவிடும். ஒலியை அருகே கொண்டுவருவதும் ட்ரெபிளைச் சற்று உயர்த்துவதும்தான் உதவும். செவி மருத்துவரிடம் காட்டுவது எல்லாவற்றுக்கும் முந்தியது. அம்மாவை அழைத்துச் சென்றோம். இரு காதிலும் மெழுகு அடைத்திருந்தது, அதை எடுத்தபின் மிஞ்சியதுதான் வயதின் குறை.

பெரிய ஒலிக்கு வேறொரு கணக்கும் உண்டு. மக்கள் தொழுகையில் உரத்து ஓதியபோது, ஒருவரின் ஓதலால் மற்றவருக்கு இடையூறு நேரக்கூடாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அபூதாவூத் பதிவு செய்துள்ளார். குர்ஆன் ஓதலுக்கே அந்த ஒழுங்கு என்றால், சுவரை அதிரவைக்கும் திரைப்பட ஒலிக்கு என்ன சொல்வது? எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். அண்டை வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது.

பதினோரு கேசட்டுகள்

அம்மாவின் மௌனத்துக்கு வருகிறேன். டூ-இன்-ஒன் பெட்டியின் அருகில் ஒரு பிஸ்கட் தகரப்பெட்டியில் பதினோரு கேசட்டுகள் இருந்தன. அத்தா 1982 முதல் 1990 வரை குவைத்திலிருந்து அனுப்பிய குரல் கடிதங்கள் அவை.

வளைகுடாவுக்குப் போன நம்மவர்களின் தலைமுறைக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொலைபேசி எட்டாத காலம். எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கும் எழுத்தில் அடங்காத செய்திகள் இருந்தன. விடுமுறையில் ஊர் திரும்புபவர் கையில் கேசட் வரும். வீடே கூடி உட்கார்ந்து கேட்கும். பின்பு அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பதில் கேசட் பேசுவார். அதை அடுத்துப் போகிறவர் எடுத்துச் செல்வார்.

1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் படைகள் குவைத்துக்குள் புகுந்தன. அடுத்த மாதங்களில் 1,70,000 அளவிலான இந்தியர்களை அரசு விமானங்களில் மீட்டு வந்தது. பெரும்பாலோர் பாலைவனம் கடந்து ஜோர்டானின் அம்மான் நகருக்கு வந்து, அங்கிருந்து மும்பைக்குப் பறந்தனர். அத்தாவும் அவர்களுள் ஒருவர். உடுத்திய உடையோடும் ஒரு கைப்பையோடும் செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். அம்மா எட்டு ஆண்டுகளாகப் பேசி அனுப்பிய பதில் கேசட்டுகள் எல்லாம் குவைத்தின் அந்த அறையிலேயே போய்விட்டன. அத்தா 2011இல் இறையடி சேர்ந்தார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

ஓர் உரையாடலின் ஒரு பாதி மட்டும் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதை ஓட்டக்கூடிய ஒரே கருவி, மகன் அப்புறப்படுத்தச் சொன்ன பெட்டி.

ஆனால் மகனின் வாதத்தில் நான் காணாத ஒரு நியாயமும் இருந்தது. “அத்தா, பெட்டியைப் பத்திரமா வெச்சா குரல் பத்திரமா இருக்கும்னு நினைக்கிறீங்க. நாடா ஒவ்வொரு வருஷமும் கெட்டுக்கிட்டே போகுதே” என்றான். உண்மைதான். கோடையில் செஞ்சியின் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவெல்லாம் உமிழ்கின்றன. இரும்பு அலமாரிக்குள் வெப்பம் தங்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும். இரண்டு கேசட்டுகளின் நாடாவிளிம்பில் வெண்பூஞ்சை பூத்திருந்தது. நாடாவை ஒலித்தலையோடு அணைக்கும் சிறு பஞ்சுத்திண்டு இன்னொன்றில் பசை விட்டு உதிர்ந்திருந்தது. பெட்டியைப் போற்றுவது வேறு, குரலைக் காப்பது வேறு என்று அப்போது எங்களுக்கு விளங்கியது.

நாங்கள் செய்தது

முதலில் பெட்டிக்குப் புதிய பெல்ட் போட்டோம். ஒலித்தலையைத் துடைத்தோம். கேசட்டுகளின் மேல்விளிம்பில் உள்ள சிறு பிளாஸ்டிக் மடல்களை உடைத்துவிட்டோம். அவை இல்லாவிட்டால் கைதவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் பழைய பதிவு அழியாது. திண்டு உதிர்ந்த கேசட்டின் நாடாவை, திருகாணியால் திறக்கக்கூடிய வேறொரு கூட்டுக்குள் மாற்றினான் மகன். பூஞ்சை படிந்தவற்றை முகத்தை மூடிக்கொண்டு, மிக மெதுவாக மென்துணியால் துடைத்தோம். ஒவ்வொரு கேசட்டையும் ஒரு முறை முழுதாக முன்னும் பின்னும் சுற்றி நாடாவின் இறுக்கத்தைச் சீராக்கினோம்.

பிறகு பெட்டியின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒரு கம்பியை, யு.எஸ்.பி. ஒலி அடாப்டர் வழியாக மகனின் மடிக்கணினிக்கு இணைத்தோம். ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் போதுமானது. விநாடிக்கு 44,100 மாதிரிகள், 16 பிட், வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 635 எம்.பி. ஆகும். மூலக்கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, உறவினருக்கு அனுப்ப எம்.பி.3 படி தனியே எடுத்தோம். மூன்று படிகள் இப்போது மூன்று இடங்களில் உள்ளன. அவற்றில் ஒன்று வேறு ஊரில் வாழும் என் தங்கை வீட்டில் இருக்கிறது.

இவ்வளவும் தொழில்நுட்பம். அந்த வேலையின் நடுவே நேர்ந்ததுதான் எனக்குப் பெரிது. பதிவு ஓடிக்கொண்டிருக்கையில் அம்மா அருகில் வந்து அமர்ந்தார். நாடாவில் அத்தா, “நீ கேட்டதற்குப் பதில், வேண்டாம், அதை விற்காதே” என்றார். எதை என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அம்மா மெல்லச் சொன்னார்: “என் தாலிக்கருகமணியிலே கோத்த பொன்னைப்பா. உன் பள்ளிக்கூடப் பணத்துக்கு விக்கட்டுமான்னு கேட்டிருந்தேன்.” அடுத்து அத்தா ஏதோ சொல்லிச் சிரித்தார். அம்மா, “இதுக்கு முன்னாடி நான் திட்டியிருந்தேன்” என்றார்.

மகன் ஒரு சொல்லும் பேசாமல் கைப்பேசியை எடுத்து அம்மாவின் அருகில் வைத்துப் பதிவுப் பொத்தானை அழுத்தினான். அன்று முதல் ஒவ்வொரு கேசட்டையும் இருமுறை ஓட்டினோம். முதல்முறை நாடாவை மட்டும் பதிந்தோம். இரண்டாம் முறை இடையிடையே நிறுத்தி, அம்மா சொன்னதைப் பதிந்தோம். குவைத்தில் தொலைந்த பாதி உரையாடல், அம்மாவின் நினைவிலிருந்து ஓரளவேனும் திரும்பி வந்தது. மெழுகு எடுத்த காதும், எதிரொலி அடங்கிய அறையும், அருகில் வைத்த ஸ்பீக்கரும் அப்போதுதான் உண்மையில் பயன்பட்டன. கேசட்டுகளில் இரண்டு, ஹனீபா பாடல் நாடாவின் மேல் பேசிப் பதிந்தவை. அத்தாவின் சலாமோடு கடிதம் முடிய, பாட்டு பாதியிலிருந்து எழுந்து வருகிறது. அதை வெட்ட வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார்.

எதை வைத்தோம், எதை விட்டோம்

டூ-இன்-ஒன் இருக்கிறது. நாடாவே மூலம், கணினியில் இருப்பது படிதான். ஒருநாள் இதைவிட நன்றாகப் படியெடுக்கும் வழி வரலாம். அதே அலமாரியில் இருந்த பழைய ஐந்து ஸ்பீக்கர் சி.டி. ஹோம் தியேட்டர் போய்விட்டது. அதன் லென்ஸ் பழுதாகி ஆண்டுகள் ஆயிருந்தன, அதில் எங்கள் குரல் எதுவும் இல்லை, யாரும் அதைத் தேடவும் இல்லை. அதைக் காயலான் கடையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் கொடுத்தோம். மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவில் நடப்பில் உள்ளன. பழைய பலகைகளின் ஈயப்பற்று தெருவில் எரிக்கப்பட்டால் அந்தப் புகையைச் சுவாசிப்பவை நம் பிள்ளைகளின் நுரையீரல்கள்.

சவுண்ட்பார் வாங்கவில்லை. அதற்கு மாறாக, குரல் தெளிவுக்குப் பெயர்பெற்ற சிறிய புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றை வாங்கி அம்மாவின் கட்டிலருகே வைத்தோம். மின்கலத்தை மாற்றக்கூடிய வகையாகப் பார்த்தே வாங்கினோம். அதில் அவர் ஃபஜ்ருக்குப் பின் ஹுஸரீ அவர்களின் நிதானமான ஓதலைக் கேட்கிறார். குர்ஆன் முழுவதையும் ஓதி முதன்முதலில் ஒலிப்பதிவாகத் தந்தவர் அந்த எகிப்தியக் காரி. அப்பதிவு 1961இல் வெளிவந்தது. அத்தாவும் அந்த நாடாக்களைத்தான் குவைத்தில் கேட்டதாகக் கடிதமொன்றில் சொல்கிறார்.

எங்கள் கோட்டைக்குள் சஆதத்துல்லாஹ் கானின் பெயர் தாங்கிய பள்ளிவாசல் 1717–18ஆம் ஆண்டுகளிலிருந்து நிற்கிறது. சென்ற 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் காலக் கோட்டைகளுள் தமிழ்நாட்டில் உள்ளது செஞ்சி ஒன்றே. கல்லைக் காக்க அரசும் உலகமும் உண்டு. வீட்டு அலமாரியில் கிடக்கும் ஒரு தந்தையின் குரலைக் காக்க அந்த வீட்டாரைத் தவிர வேறு யாருமில்லை.

ஆகவே புதிய கருவி வாங்கும் எண்ணத்தில் இருக்கும் சகோதர சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைக்குப் போகுமுன் அலமாரியைத் திறந்து பாருங்கள். குறை கருவியிலா, அறையிலா, காதிலா என்று பிரித்துப் பாருங்கள். பழைய கேசட் இருந்தால், அதைப் பேசியவரை அறிந்த பெரியவர் உயிரோடு இருக்கும்போதே அவரை அருகில் அமர்த்தி ஓட்டுங்கள். நாடாவை நாளைக்கும் படியெடுக்கலாம். அதற்கு விளக்கம் சொல்லும் நினைவுக்கு அந்த உறுதி இல்லை. அதன்பின் புதியது தேவை என்று தோன்றினால் பிஸ்மில்லாஹ் சொல்லி வாங்குங்கள், கடன் வாங்காமல் வாங்குங்கள்.

நமக்குத் தந்த செவிப்புலனைப் பற்றியும் நாளை கேள்வி உண்டு. நல்லதைக் கேட்கும் செவியையும், கேட்டதைப் பேணும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. நம்மைவிட்டு முந்திச் சென்ற பெற்றோரின் மண்ணறைகளை ஒளியால் நிரப்புவானாக. ஆமீன்.